ஹோமெய் கற்கப் போனேன்: துவா நாட்குறிப்பு

முதல் நாள்: சயான் மலையைத் தாண்டி

துவாவுக்கு ரயில் கிடையாது. மாஸ்கோவிலிருந்து இரவு விமானத்தில் அபக்கான் வந்து இறங்கி, அங்கிருந்து ஷேர் டாக்ஸி பிடித்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போனால் தலைநகர் கிஸில். ரஷ்யாவுக்குள் இருக்கும் ஒரு குடியரசு இது, மங்கோலியாவின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகையோ மூன்று லட்சத்துச் சொச்சம்தான்.

இங்கே வந்த காரணம் ஹோமெய். ஒரே ஆள், ஒரே மூச்சில், ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களைப் பாடுவது. கீழே ஒரு ஆதார சுருதி அசையாமல் நிற்கும். அதற்கு மேலே புல்லாங்குழல் மாதிரி இன்னொரு ஒலி எழும்பித் தனியாக ஒரு மெட்டைப் பாடும். பல வருடங்களுக்கு முன் ஒரு பதிவில் இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது புதுக்கோட்டையில் பெரியப்பா வாசித்த மோர்சிங், பல்லில் வைத்து விரலால் மீட்டும் சின்ன இரும்புக் கருவி. அந்த ஒலியை இவர்கள் கருவியே இல்லாமல் எப்படி எழுப்புகிறார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து மனதில் கிடந்தது. பெரியப்பாவின் மோர்சிங் இப்போது என் பையில் இருக்கிறது.

அபக்கான் இருப்பது ஹக்காசியாவில். அங்கேயும் தொண்டைப் பாடல் உண்டு, அதை ‘ஹை’ என்கிறார்கள். சத்கான் என்ற நீளமான தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து மீட்டிக்கொண்டே வீரகதைகளை அந்தக் குரலில் சொல்வது அவர்கள் மரபு. பக்கத்து அல்தாய்க்காரர்களுக்கு ‘கை’, மங்கோலியருக்கு ‘ஹோமி’. மலைத்தொடரின் இரண்டு பக்கமும் இந்தக் கலை பரவியிருக்கிறது. ஆனாலும் இத்தனை வகைகளாகப் பிரித்து வளர்த்தவர்கள் துவாக்காரர்கள்தான் என்பது என் கருத்து.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வெளிநாட்டு வங்கி அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரொக்கம் எடுத்து வாருங்கள்.

எர்காக்கி மலைகளில் வண்டியை நிறுத்தினார்கள். சாலையோரம் பைன் கொட்டைகள் விற்கும் கடைகள். ஓட்டுநர் கை நீட்டிய திசையில் பார்த்தால் மலை விளிம்பு ஒரு ஆள் மல்லாந்து படுத்திருப்பதுபோல இருக்கிறது, ‘உறங்கும் சயான்’ என்று பெயராம். அதுவரை இருபுறமும் ஈரமான அடர்ந்த காடு. மலையைத் தாண்டியதும் காடு விலகிப்போய்க் காய்ந்த புல்வெளி விரிந்தது. மேகங்கள் வடக்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது பார்க்கிற அதே மாற்றம்.

கிஸில் வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணி, வெயில் இன்னும் பளிச்சென்று இருந்தது. இங்கே நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்.

இரண்டாம் நாள்: முதல் பாடம்

ஆசிரியரைத் துவா மொழியில் ‘பஷ்கி’ என்கிறார்கள். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் பஷ்கி என்றே எழுதுகிறேன். வயது அறுபதுக்கு மேல். நகரத்தின் ஓரத்தில் மரவீடு, முற்றத்தில் உருளைக்கிழங்குச் செடிகள். எனக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒரு கல்லூரி மாணவி வந்திருக்கிறாள். முதல் ஐந்து நிமிடத்திலேயே என்னை ‘உக்பா’ என்று கூப்பிடத் தொடங்கினாள். உக்பா என்றால் அக்கா. அவளைப் பஷ்கி ‘கிஸிம்’ என்கிறார், ‘என் மகளே’ என்று பொருள்.

உட்கார்ந்ததும் தேநீர் வந்தது. பால் விட்டு, சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்ட தேநீர். ஒரு கிண்ணத்தில் வறுத்த சிறுதானியம் வைத்தார்கள், அதை அள்ளித் தேநீரில் போட்டு ஊறவைத்துக் குடிக்க வேண்டும். ‘தரா’ என்றார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நம் பனிவரகு! இரண்டு கிண்ணம் குடித்தேன்.

பஷ்கி முதலில் பாடிக் காட்டினார். மூன்று முக்கிய வகைகள். ஹோமெய் என்பது மொத்தக் கலைக்கும் பெயர், அதில் ஒரு வகைக்கும் பெயர். மென்மையானது, ஆதார சுருதியும் மேல் ஒலியும் கலந்து வரும். சிகிட் என்றால் விசில், மேல் ஒலி ஊசி மாதிரி கூர்மையாகத் தனித்து நிற்கும். கர்கிரா அடித்தொண்டையில் கரகரவென்று ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இவை தவிர, குதிரைச் சவாரியில் அங்கவடியில் கால் அசைகிற தாளத்தோடு வருவது எஸெங்கிலேர். ஓடும் நீர்போலச் சுழன்று வருவது போர்பங்னாடிர்.

ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்து சிகிட்டைக் கேட்டபோது என்னையறியாமல் அவர் தலைக்குப் பின்னால் பார்த்தேன். ஒலி அவர் வாயிலிருந்து வருகிறது என்று காது ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் என் முறை. எனக்கு ஐந்து கட்டை சுருதி. ‘ஊ’ என்று ஒரே சுரத்தில் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ‘ஓ’, ‘ஆ’, ‘ஏ’, ‘ஈ’ என்று வாயை மாற்றச் சொன்னார். உயிரெழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லக் கூடாது. ஒன்று இன்னொன்றாகக் கரைய வேண்டும், அதுவும் மிக மெதுவாக, ஒரு மூச்சு முழுக்க. அவ்வளவுதான் முதல் பாடம். விசில் வருகிறதா என்று அவர் கேட்கவேயில்லை. “என்ன கேட்கிறது?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். “என் குரல் கேட்கிறது” என்றேன். “அதற்குள்?” என்றார்.

இரவு விடுதி அறையில், ஜன்னல் கண்ணாடியை நோக்கி நின்று அதையே செய்துகொண்டிருந்தேன். அரை மணி கழித்து, ‘ஊ’விலிருந்து ‘ஈ’க்குப் போகிற வழியில், மிக மெல்லிய படிகள் கேட்டன. வழுக்கிக்கொண்டு போகவில்லை, ஒவ்வொரு படியாக ஏறியது. ப, ச, ரி, க. நான் அவற்றைப் பாடவில்லை. இத்தனை வருடம் நான் ‘ஈ’ என்று சொன்னபோதெல்லாம் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

மூன்றாம் நாள்: தொண்டையும் தங்கமும்

இன்று தவறாகச் செய்தேன். சிகிட் குரலுக்குத் தொண்டையில் ஒரு இறுக்கம் வேண்டும். கனமான மூட்டையைத் தூக்கும்போது வாயிலிருந்து வருமே ஒரு முக்கல், அந்த இறுக்கம். அந்த அழுத்தத்தால்தான் குரலில் மேல் ஒலிகள் வலுப்படுகின்றன. நான் கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினேன். பத்து நிமிடத்தில் இருமல் வந்துவிட்டது.

பஷ்கி உடனே நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துப் பாடினார். வயிறு கல் மாதிரி இருந்தது. பிறகு கழுத்தைத் தொடச் சொன்னார். தாடைக்குக் கீழே உள்ள சதை நெகிழ்ந்தே இருந்தது. இறுக்கம் உள்ளே ஒரு சின்ன இடத்தில் மட்டும்தான். மூச்சு வயிற்றிலிருந்து அழுத்தமாக வரவேண்டும், தொண்டை அதை எதிர்த்து லேசாக நிற்க வேண்டும், வெளிக்கழுத்து சும்மா இருக்க வேண்டும். வலி வந்தால் அன்றைக்குப் பாடம் முடிந்தது என்பது அவர் விதி. வீடியோ பார்த்துத் தானாகக் கற்கிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘தொண்டைப் பாடல்’ என்ற பெயரே ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. பாதி வேலை வயிற்றில், மீதி வேலை நாக்கில்.

மதியத்துக்கு மேல் பாடம் இல்லை என்பதால் தேசிய அருங்காட்சியகம் போனேன். துரான் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அர்ஷான்-2 என்ற, சித்தியர் எனப்படும் பண்டைய நாடோடிகள் காலத்துப் புதைமேட்டில் 2001 முதல் தோண்டி எடுத்த தங்கம் அங்கே இருக்கிறது. ஏறத்தாழ இருபது கிலோ. அரச தம்பதியாக இருக்கலாம் என்று கருதப்படும் ஒரு ஆண், ஒரு பெண்ணின் அணிகலன்கள், உடைகளில் தைத்திருந்தவை. சிறுத்தை வடிவில் ஆயிரக்கணக்கான சின்னத் தகடுகள், ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. 2,600 வருடப் பழமை. கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

திரும்பும் வழியில் மாணவியிடம் மனதில் இருந்ததைக் கேட்டேன். பெண்கள் ஹோமெய் பாடக் கூடாது என்று படித்திருக்கிறேனே, பஷ்கி எனக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவர் வீட்டாருக்குச் சங்கடம் இல்லையா? அவள் நேராகச் சொன்னாள்: “எங்கள் பாட்டி காலத்தில் பிள்ளைப்பேறுக்குக் கெடுதல் என்பார்கள். இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள்.” 1998-ல் சோதுரா துமாத் என்ற பெண்மணி, ‘துவா கிஸி’ என்ற பெண்கள் மட்டுமே பாடும் குழுவைத் தொடங்கினார். பெயருக்குத் ‘துவாவின் மகள்கள்’ என்று பொருள். கிராமங்களில் தனியாக, யாரும் கேட்காதபோது பாடிக்கொண்ட பெண்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். குழுவாக மேடையில் ஏறி நின்றது இவர்கள். மாணவி பள்ளியில் படித்தபோது அவர்களுடைய பாட்டைக் கேட்டுத்தான் தானும் பாடத் தொடங்கினாளாம். பாடிக் காட்டச் சொன்னேன். தெருவிலேயே நின்று பாடினாள், கண்ணை மூடாமல், எதிரே வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே.

நான்காம் நாள்: மௌனம்

தொண்டைக்கு ஓய்வு. பேசவும் வேண்டாம் என்றார் பஷ்கி.

யெனிசெய் நதிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். பீ-ஹெம், கா-ஹெம் என்ற இரண்டு நதிகள் சேர்ந்து யெனிசெய் ஆகும் இடம் இந்த ஊர்தான். கரையில் ‘ஆசியாவின் மையம்’ என்று நினைவுச்சின்னம். நதிக்கு அப்பால் தோகே மலைச் சரிவில் வெள்ளைக் கற்களை அடுக்கி ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்று திபெத்திய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். துவாக்காரர்கள் பௌத்தர்கள், மலைக்கும் ஊற்றுக்கும் பாலைத் தெளித்து வணங்குகிறவர்களும்கூட.

பால் பேனா என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கண் பார்வை இல்லாதவர். 1984-ல் சான்பிரான்சிஸ்கோவில் சிற்றலை வானொலியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மாஸ்கோ ஒலிபரப்பில் இந்தப் பாட்டு காதில் விழுந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஏழெட்டு வருடம் ஆயிற்று. ஒரு இசைத்தட்டு கிடைத்ததும் அதைக் கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டார். ஆசிரியர் இல்லை, நாக்கு எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு படம்கூட அவருக்குப் பயன்பட்டிருக்காது. 1993-ல் துவாவின் பெரிய பாடகர் கொங்கார்-ஊல் ஓந்தார் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது அவர் முன்னால் பேனா கர்கிரா பாடிக் காட்டினார். 1995-ல் ஓந்தாரின் அழைப்பில் இதே கிஸிலுக்கு வந்து, போட்டியில் கர்கிரா பிரிவில் முதல் பரிசு வாங்கினார். கரகரத்த ப்ளூஸ் குரல் அவருக்கு ஏற்கெனவே இருந்தது என்பார்கள். நான் அவர் காதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள்: ழ

இன்று காலை பையிலிருந்து மோர்சிங்கை எடுத்து மேஜையில் வைத்தேன். பஷ்கி எழுந்துபோய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே தெமிர்-ஹோமுஸ், இரும்பு ஹோமுஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே வளையம், அதே இரண்டு கரங்கள், நடுவே அதே மெல்லிய நாக்கு, முனையில் அதே வளைவு. என் மோர்சிங்கின் நாக்கில் ஒட்டியிருந்த கறுத்த மெழுகு உருண்டையை நகத்தால் தொட்டு, இது எதற்கு என்றார். மிருதங்கத்தின் சுருதியோடு சேர்ப்பதற்காக, மெழுகு வைத்தால் சுருதி இறங்கும் என்றேன். பெரியப்பா கடைசியாக வைத்த மெழுகு அது, நான் மாற்றவில்லை. பஷ்கி அதை மறுபடி தொடவில்லை.

நான் மோர்சிங்கில் ஒரு தீர்மானம், தாளத்தை முடித்துவைக்கும் ஜதி, வாசித்தேன். அவர் ஹோமுஸில் குதிரை நடையை வாசித்து, அது ஓட்டமாக மாறி, நடுவே குதிரை தண்ணீர் குடிப்பதையும் காட்டினார். நாம் இந்தக் கருவியைத் தாளத்துக்கு வைத்துக்கொண்டோம், இவர்கள் நாதத்துக்கு.

வாசித்து முடித்ததும் அவர் சொன்னது எனக்கு முழுப் பாடமாக இருந்தது. “உன் இரும்பு ஒரே சுரம்தான் போடுகிறது. அதிலிருந்து மற்ற சுரங்களை எடுப்பது எது?” வாய், நாக்கு என்றேன். “அந்த இரும்பைத் தொண்டைக்குள் வைத்துக்கொள். நாக்கை மோர்சிங் வாசிக்கும்போது வைத்த மாதிரியே வை.”

வாய் என்பது ஒரு அறை. அந்த அறைக்கென்று சில ஒத்ததிர்வுகள், அதாவது அது தானாக வலுப்படுத்தும் ஒலி உயரங்கள், உண்டு, நாக்கு நகர்ந்தால் அவையும் நகரும். உயிரெழுத்துகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதே அதனால்தான். பேசும்போது அவை அகலமாகப் பரந்து பல மேல் ஒலிகளைச் சேர்த்து எடுக்கின்றன. ஹோமெய் பாடகர் செய்வது, இரண்டாவது ஒத்ததிர்வையும் மூன்றாவதையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. இரண்டும் கூடினால் மிகக் கூர்மையாகிவிடும், ஒரே ஒரு மேல் ஒலியை மட்டும் தேர்ந்தெடுத்து அதைப் பல மடங்கு பெரிதாக்கும். அதுதான் அந்த விசில்.

சிகிட்டுக்கு நாக்கை ‘ல்’ சொல்கிற மாதிரி மேல் ஈறில் ஒட்டவைக்கச் சொல்கிறார்கள். நாக்கின் இரண்டு ஓரங்களும் பற்களின் உள்பக்கம் ஒட்டி, கடைவாய்ப் பல் அருகே ஒரு பக்கம் மட்டும் சின்ன வழி விட வேண்டும். அப்படியே உதட்டைக் குவித்து, நாக்கின் நடுப்பகுதியை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். எனக்கு நாக்கு நுனி நிற்கவேயில்லை. ‘ல்’ சொல்லி, ‘ள்’ சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக நுனியைப் பின்னால் மடக்கிக்கொண்டே போனேன். அது மேலண்ணத்தைத் தொடாமல் வளைந்து நின்ற இடத்தில் ஒரு விசில் வந்தது. தெளிவாக. மாணவி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டாள்.

பஷ்கி, “அது என்ன எழுத்து?” என்றார்.

ழ.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். தாமும் சொல்லிப் பார்த்தார், அவருக்கு வரவில்லை. நான் நீட்டிப் பிடித்தேன், ‘ழ்ழ்ழ்’ என்று ஐந்து கட்டையில், நாக்கின் நடுவை மெல்ல அசைத்தபடி. ப என்றது, ச என்றது, ரி என்றது. இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. நாக்கு நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கும் ஒலிகளில் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்கி இரண்டாவதை நெருங்கிவிடும். பாடகர்கள் பாடுபட்டுச் சேர்க்கிற அந்த இரண்டும் ‘ழ’வில் பாதி வழி தாமாகவே வந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் தமிழ் அம்மா ‘வாழைப்பழம்’ என்று ஆளுக்குப் பத்துத் தரம் சொல்லவைத்தது இங்கே யெனிசெய்க் கரையில் கைகொடுக்கும் என்று யார் நினைத்தது!

ஆனால் பஷ்கி இதோடு விடவில்லை. “இது வாசல். உள்ளே வர நாக்கை ஒட்டத்தான் வேண்டும்” என்றார். ‘ழ’வில் வருகிற விசில் மென்மையானது, ஹோமெய்க்குச் சரி. சிகிட்டின் கூர்மைக்கு ‘ல்’ இடத்தில் அடைத்தே ஆக வேண்டும். மதியம் முழுக்க ‘ழ’வில் தொடங்கி, ஒலியை இழக்காமல் நுனியை ஈறுக்கு நகர்த்துகிற பயிற்சி. இருபது தரத்தில் ஒரு தரம் நிற்கிறது.

ஆறாம் நாள்: மேற்கே

பஷ்கியின் தம்பி ஹெம்சிக் நதிப்பக்கம் ஆடு மேய்க்கிறார். கோடைக்காலக் கிடையைச் சைலாக் என்கிறார்கள். “அங்கே வந்து பாடு, இங்கே சுவர்கள் அதிகம்” என்று பஷ்கி கூட்டிப்போனார். சதான் ஊர் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல். துவாவின் பேர்பெற்ற பாடகர்களில் பலர், ஓந்தார் உட்பட, இந்த மேற்குப் பக்கத்துக்காரர்கள்.

வழியில் ஹைராகான் மலை. வெட்டவெளியில் தனியாக எழுந்து நிற்கும் வெளிறிய பாறை. 1992-ல் தலாய் லாமா வந்தபோது ஆசீர்வதித்த மலை என்றாள் மாணவி. இறங்கி, வண்ணத் துணிகள் கட்டிய கற்குவியலை வலம் வந்தோம்.

சாயங்காலம் கிடையில் கூடாரத்துக்குள் நுழைந்ததும் மறுபடி உப்புத் தேநீர், பொரித்த மாவு உருண்டைகள், ஆட்டு இறைச்சி. பயணக் களைப்பு. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஏழாம் நாள்: நதிக்கரையில்

தம்பி பாடகர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மேடையேறியதில்லை. அதிகாலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது தானாகப் பாட ஆரம்பித்தார். அரை கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு ஆதார சுருதி காற்றில் கரைந்துவிட்டது. விசில் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய வெளியில் எது எட்டும், எது எட்டாது என்று தெரிந்தவர்கள் உருவாக்கிய பாட்டு என்பது அப்போது உறைத்தது. ‘ஹூன்-ஹூர்-து’ என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய குழு இருக்கிறது. விடியலிலும் அந்தியிலும் புல்வெளியில் சூரியக் கதிர்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதைக் குறிக்கும் பெயர் அது. ஒளி பிரிகிற மாதிரி ஒலியும் பிரிகிறது என்று வைத்தார்கள். இன்று காலை அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

நதி ஆழமில்லை, கூழாங்கல் மேல் சலசலத்து ஓடுகிறது. பஷ்கி என்னைக் கரையில் உட்காரவைத்து, நீரில் ஒரு சுருதியைத் தேடிப் பிடித்து அதோடு சேர்ந்து பாடச் சொன்னார். சிரமமாக இருந்தது. நீரில் எல்லாச் சுரமும் இருக்கிறது. எதைத் தேடுகிறோமோ அது கேட்கிறது. ஐந்தாம் நாள் பாடம்தான், இன்னும் பெரிய அளவில். அவர் போர்பங்னாடிர் பாடியபோது சில நொடிகள் எது அவர், எது நீர் என்று பிரிக்க முடியவில்லை. பதிவுசெய்யக் கைப்பேசியை எடுத்தேன், பிறகு உள்ளே வைத்துவிட்டேன்.

மதியம் கர்கிரா. இதை எனக்குச் சொல்லித்தருவார் என்று எதிர்பார்க்கவில்லை. குரல் நாண்களுக்குச் சற்று மேலே போலி நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு, பேசும்போது அவை சும்மா இருக்கும். கர்கிராவில் அவையும் அதிரத் தொடங்குகின்றன, ஆனால் குரல் நாண்கள் இரண்டு தரம் அதிர்ந்தால் இவை ஒரு தரம். அதனால்தான் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி கீழே விழுகிறது. தொண்டையை மெல்லக் கனைத்து, அந்தக் கனைப்பை நீட்டிப் பிடிக்க வேண்டும். மெல்ல என்பதைப் பஷ்கி மூன்று தரம் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இரண்டே இரண்டு தரம் எனக்குப் பிடித்தது, ஒவ்வொன்றும் ஒரு நொடி இருக்கும். பிடித்தபோது மார்பெலும்பில் அதிர்வு தெரிந்தது. பெரிய மிருதங்கத்தின் தொப்பியில் கை வைத்த மாதிரி.

போதும் என்று அவரே நிறுத்தினார். ஆடுகள் திரும்பி வந்தன.

எட்டாம் நாள்: கணக்கு

கிஸிலுக்குத் திரும்பிவிட்டோம். வண்டியில் வரும்போது நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சங்கீதம் படித்தவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சுரத்தைப் பாடினால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் ஒலிகள் வரிசையாக அதற்குள் இருக்கும். ஹோமெய் மெட்டுகள் பெரும்பாலும் ஆறாவது ஒலியிலிருந்து மேலே போகின்றன. ஆறு என்பது பஞ்சமம், எட்டு ஷட்ஜம், ஒன்பது சதுஸ்ருதி ரிஷபம், பத்து அந்தர காந்தாரம், பன்னிரண்டு மறுபடி பஞ்சமம். ஏழாவதையும் பதினொன்றாவதையும் துவாக்காரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். மீதியைச் சேர்த்துப் பாருங்கள்: ச, ரி, க, ப. அதற்கு மேல் பதின்மூன்றாவது, நம் தைவதத்துக்குப் பக்கத்தில். மோகனத்தின் சாயல். நம்மிடம் முல்லை நிலத்து ஆயர்களின் பண்ணை மோகனத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆடு மேய்க்கிற இவர்கள் அதே சுரங்களுக்கு வேறு வழியில், தொண்டைக்குள் இயற்கையாக இருக்கும் வரிசை வழியாக வந்திருக்கிறார்கள். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்குமே, அது அந்த வரிசையின் ஐந்தாவது ஒலி. நமக்கும் இது அந்நியமில்லை.

பஷ்கி பாடுவது இரண்டு கட்டையில், ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். நான் 196. அவருடைய பன்னிரண்டாவது ஒலியும் என் ஒன்பதாவதும் ஒரே இடம்: 1,764. அதாவது நான் மூன்றாவது படியில் தொடும் உயரத்துக்குள் அவர் ஐந்து படி ஏறிவிடுகிறார். குறைந்த சுருதிக்காரர்களுக்குப் படிகள் நெருக்கம், எங்களுக்கு இடைவெளி அதிகம். மாணவியிடம் இதைக் காட்டினேன். “அதனால்தான் நாங்கள் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடுகிறோம், உக்பா” என்றாள். கணக்கு இல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரவு நாலு கட்டைக்கு இறக்கிப் பாடிப் பார்த்தேன். இதுவரை விசிலாக வராத பத்தாவது ஒலி, காந்தாரம், கொஞ்சம் தள்ளாடி வந்து நின்றது.

ஒன்பதாம் நாள்: கிளம்புகிறேன்

காலை ஆறு மணிக்கு அபக்கான் வண்டி. பஷ்கி அவ்வளவு சீக்கிரமாக ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். ஒரு துணிப்பையில் வறுத்த தரா, அரைக்கிலோ இருக்கும். என் கைப்பேசியில் தன் குரலைப் பதிவுசெய்து கொடுத்தார். மேல் ஒலி எதுவும் இல்லை, வெறும் ஆதார சுருதி, நாலு கட்டையில், மூச்சு விட்டு விட்டு இருபது நிமிடம். தன் வசதியான சுருதியை விட்டு எனக்காக ஏறிப் பாடியிருக்கிறார். தினமும் இதோடு சேர்ந்து ‘ஊ’விலிருந்து ‘ஈ’ வரை, விசிலைப் பற்றி யோசிக்காமல், பதினைந்து நிமிடம். கர்கிரா வாரம் இரண்டு நாள் மட்டும். தொண்டை கட்டினால் எதுவும் வேண்டாம்.

“செத்திர்திம், பஷ்கி” என்றேன். நன்றி என்று பொருள். அவர் பதிலுக்கு ‘ழ’ சொல்ல முயன்றார். நேற்றைக்கு இன்று பரவாயில்லை. நாக்கு நுனியை இன்னும் கொஞ்சம் பின்னால் என்று கையால் காட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது.

எர்காக்கியில் நல்ல மழை. உறங்கும் சயான் தெரியவில்லை.